பலாமரத்து நிழலில் ஓர் அவரைப் பந்தல்

அரசுக் குடியிருப்பில் வசிக்கும் ஊழியர், அதன் வளாகத்திலுள்ள எந்த மரத்தையும் பொறுப்பு அதிகாரியின் எழுத்துமூலமான முன் அனுமதி இன்றி வெட்டவோ, கிளை கழிக்கவோ கூடாது. அனுமதி கேட்டு வரும் மனுவுக்கு முப்பது நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

விதி இவ்வளவுதான். இரண்டு வாக்கியம். முதல் வாக்கியம் எனக்கு. அதை நான் கடைப்பிடித்தேன். இரண்டாவது யாருக்கோ, அவர்கள் அதுவரை படித்து வந்ததாகத் தெரியவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 'மலையில் அவரை போட்டுக் காய் பறித்தோம் என்று இரண்டு வாரத்துக்கு முன் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எங்கள் வீட்டுக் கொடி இலையாகத் தள்ளுகிறது, பூவே இல்லை. எப்படி என்று விவரமாக எழுதக் கூடாதா?'

எழுதுகிறேன் அம்மா. தோட்டக் குறிப்பு மட்டும் போதுமென்றால் நடுவில் வரும் கச்சேரிக் கதைகளை, அதாவது அலுவலகக் கதைகளை, தாண்டிப் போய்விடலாம். எனக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

ஆடியில் விதைத்தது

எழுபதுகளின் முற்பாதி. மலையாள நாட்டு எல்லை மலையில், உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அலுவலகத்துக்குப் பின்னால் சரிவில் ஓட்டுக்கூரை போட்ட குடியிருப்பு. அதன் பின்வாசலில் என் மனைவி ருக்மணி குடையோடு நிற்கிறாள். மழை கூரையிலிருந்து கயிறு கயிறாக இறங்குகிறது. அவள் முன்னால் எட்டுப் பாத்திகள். எட்டிலும் விளிம்பு வரை செம்மண் தண்ணீர். முளைத்து நாலு இலை விட்டிருந்த அவரையும் கத்திரியும் அதில் மிதக்கின்றன.

"ஏனுங்க, இது பாத்திங்களா, குட்டைங்களா?" என்றாள்.

பாத்தி வெட்டியது நான்.

நாங்கள் இருவருமே கோவிந்தாபுரம் பக்கத்துக்காரர்கள். அங்கே மழை என்பது விருந்தாளி. வந்தால் ஒரு சொட்டு வெளியே போகாமல் பிடித்து வைக்க வேண்டும். அதனால் நிலத்தைக் குழித்து, சுற்றிலும் வரப்பு கட்டி, நடுவில் விதை ஊன்றுவோம். ஆடி பிறந்தால் விதைப்போம். மலைக்கு வந்தபோது பாத்திரம் பண்டத்தோடு இந்த இரண்டு பழக்கத்தையும் லாரியில் ஏற்றி வந்துவிட்டோம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை அடித்துக் கொட்டும் ஊரில், அது உச்சத்தில் இருக்கும் மாதத்தில், தண்ணீரைப் பிடித்து வைக்க எட்டுக் குழி வெட்டினேன். காலண்டரில் ஆடி என்று போட்டிருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இதுதான் முதல் குறிப்பு. மழை குறைந்த ஊரில் செடி தரைக்குக் கீழே நிற்கட்டும். மழை கூடிய ஊரில் தரைக்கு மேலே. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ காற்றும் அவ்வளவு வேண்டும். வாடிய செடியைப் பார்த்ததும் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் இலை தொங்கினால் வேர் அழுகுகிறது என்று பொருள். தொட்டிச் செடிக்கும் இதுவேதான். பாதி வீடுகளில் தொட்டியின் அடி ஓட்டை அடைபட்டிருப்பது வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

கடுகு டப்பாவுக்கு அடியில்

ருக்மணி அழுகிறவள் அல்ல. சத்தம் போடுகிறவளும் அல்ல. மலைக்கு வந்து நாலு மாதமாகியிருந்தது. துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டது. எதையும் அவள் புகாராகச் சொல்லவில்லை. காய்கறி விஷயத்தில் மட்டும் பொறுமை இல்லை. அடிவாரத்துக் கம்பத்திலிருந்து லாரியில் மேலே ஏறி வரும் காய் வாரச் சந்தைக்கு வரும்போது வெந்து பாதியாகியிருக்கும். அவளோ கிணற்று மோட்டார் போட்டால் இரண்டு ஏக்கர் நனையும் வீட்டில் பிறந்தவள். உலை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்க் காய் பறித்து வருகிற வழக்கம்.

அந்த ஆவணியில் என் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. 'மாப்பிள்ளைக்கு மலையில் மூன்று வருடம் கழிந்த பிறகே மாற்றல் என்கிறார்கள். அதுவரை பெண் எதற்கு அங்கே கஷ்டப்பட வேண்டும்? பொங்கலுக்கு முன் பையன் பழனிச்சாமியை அனுப்புகிறேன். பெட்டியோடு வரட்டும். மாற்றல் ஆனதும் மாப்பிள்ளை வந்து சேரட்டும்.'

கடிதத்தை எனக்குக் காட்டிவிட்டு, கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

"நீ என்ன சொல்றே?" என்றேன்.

"நா என்னங்க சொல்றது. நீங்க காலையில கச்சேரிக்குப் போயிர்றீங்க. நா இந்தச் சன்னல்ல நின்னு மஞ்சு மூட்டத்தப் பாத்துக்கிட்டிருக்கறேன். ஒரு செடி வந்தாக்கூட அதுகூடப் பேசிட்டு இருந்துக்குவேன்." கடுகு டப்பாவை நேராக நகர்த்தி வைத்து, "பொங்கலுக்குள்ள ஒரு பந்தல் காய்க்கட்டுமுங்க. இருக்கறேன். இல்லீனா போயர்றேன்," என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். மாற்றல் வரும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் பிரிந்திருந்த பிறகு மறுபடி சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள் நிறையவே உண்டு. ஆனால் அவள் 'போயர்றேன்' என்று சொன்ன விதத்தில் 'வர்றேன்' என்ற பாகம் இல்லை. கோப்பு படித்துப் பழகியவனுக்கு, எழுதாமல் விட்ட வரி முதலில் கண்ணில் படும்.

பேச்சியம்மாள் மண்வெட்டியோடு வந்தது

எங்கள் அலுவலகக் கடைநிலை ஊழியர் இசக்கிமுத்து. அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு ருக்மணி வயதுதான். ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பனும் ஆத்தாளும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர்கள். அடுத்த குடியிருப்பு அவர்களுடையது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் எட்டுக் குட்டையையும் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொள்ளக்கூட மறந்து சிரித்தாள்.

"ஏ யக்கா, என்னத்துக்கு இம்புட்டுக் குழி? மீன் வளக்கப் போறியளா?"

"எங்கூருல இப்படித்தான்," என்றாள் ருக்மணி விறைப்பாக.

"ஒங்கூருல வானம் கஞ்சப்பய. இங்கன அது கோட்டிக்காரப் பய, கொட்டிக்கிட்டே கெடப்பான். மண்ண மேல ஏத்துங்க. ரெண்டடி அகலம், ஒரு அடி ஒசரம். நடுவுல தண்ணி ஓடுறதுக்கு வாய்க்கா. சரிவுக்குக் குறுக்க போடுங்க, நெடுக்க போட்டா மண்ணு பூராவும் கம்பத்துக்குப் போயிரும்."

மறுநாளே மண்வெட்டியோடு வந்துவிட்டாள். இருவரும் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மேட்டுப் பாத்தி போட்டார்கள். எனக்குக் கல் பொறுக்கும் வேலை கொடுக்கப்பட்டது.

எருவில்தான் சண்டை. பேச்சியம்மாள் எஸ்டேட் மாட்டுக் கொட்டிலிலிருந்து சூடு ஆறாத சாணத்தைக் கூடையில் கொண்டுவந்தாள். ருக்மணி கூடையை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இதப் போட்டா வேரு வெந்துரும் பேச்சி."

"மாடு போட்டதுதான யக்கா, மருந்தா?"

"கையில அள்ளுனா நாத்தம் வரப்படாது. புட்டாட்டம் உதிரோணும். அதுதான் எரு. இது இன்னும் சாணி."

இந்தச் சோதனையை நானும் ஐம்பது வருடமாகச் செய்துவருகிறேன், தவறியதில்லை. மக்கிய எருவுக்கு மழை பெய்த மண்ணின் வாசம் மட்டுமே இருக்கும். பச்சைச் சாணத்தைக் குப்பை, காய்ந்த இலை, கொஞ்சம் மண் என்று அடுக்கு அடுக்காக மூடி வைத்து, மூன்று மாதம் மறந்துவிட வேண்டும். மறப்பது எங்கள் துறையில் இயல்பாக நடக்கும் காரியம். வீட்டில் கொஞ்சம் முயற்சி வேண்டும்.

அன்றைக்கு எஸ்டேட்டின் பழைய குப்பைக் குழியிலிருந்து மக்கியதைத் தேடிக் கொண்டுவந்தார்கள். புரட்டாசி முதல் வாரம், மழை கொஞ்சம் விலகிய நாலு நாளில் அவரை விதை மறுபடி மண்ணுக்குள் போனது. இரவு ஊறவைத்த விதை, ஒரு விரல்கணு ஆழம், குழிக்கு மூன்று. முளைத்ததும் தெம்பானது ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். எல்லாம் முளைத்ததே என்று எல்லாவற்றையும் விட்டு வைப்பவர்களுக்குக் காய் கிடைப்பதில்லை.

இலைக் காடு

கொடி வந்தது. மூங்கில் கால் நட்டுப் பந்தல் போட்டோம். ஐப்பசி பாதியில் பந்தல் நிறைந்துவிட்டது. உள்ளங்கை அகல இலை, கரும்பச்சை. பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ருக்மணி மட்டும் பாராட்டவில்லை.

"இது சும்மா தழையுதுங்க," என்றாள். "வெயில் இல்லீங்களே."

கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டாள். பக்கக் கிளை வந்தால் பூ வரும். எரு போடுவதை நிறுத்தினாள். சத்து அதிகமானால் அவரை சோம்பேறியாகி இலையை மட்டும் வளர்க்கும். திண்டுக்கல் அம்மா இந்த இரண்டையும் முதலில் செய்து பார்க்கவும். அதன் பிறகும் பூ வராவிட்டால் வெயிலை அளக்கவும்.

வெயிலை எப்படி அளப்பது? ருக்மணி செய்தது இது. மூடுபனி விலகிய ஒரு நாள், காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை அரை மணிக்கு ஒரு தடவை நிழலின் விளிம்பில் குச்சி நட்டாள். மாலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒன்பது மணிக்குப் பந்தலில் விழுகிற வெயில் பத்தரைக்கு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் எல்லாம் நிழல். செடி வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நாங்கள் பின்னால் செய்தோம். பெரும்பாலோர் செய்வதே இல்லை.

நிழலின் சொந்தக்காரர் பின்வாசல் பலாமரம். அரசாங்கப் பலா. அடிமரத்தில் தாரால் எண் எழுதியிருக்கும். அதன் காயை ஏலம் விட ஒரு கோப்பு, விழுந்த இலையைக் கூட்ட ஒரு கோப்பு. தெற்குப் பக்கம் நீண்டிருந்த ஒரே ஒரு கிளைதான் எங்கள் பந்தலின் பகலை விழுங்கிக்கொண்டிருந்தது.

"அந்த ஒரு கொம்பக் கழிச்சுட்டாப் போதுமுங்க," என்றாள் ருக்மணி.

"மனு எழுதறேன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். விதி எண்ணோடு, வரைபடத்தோடு, மூன்று பிரதியில் அன்றே எழுதிக் கட்டட அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

ஒரு தேங்காய்க் கோப்பு

நான் கோழை என்று இந்த இடத்தில் வாசகர்கள் முடிவு செய்யலாம். அதற்கு முன் ஒரு பழைய கதை.

மலைக்கு வருவதற்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு சக ஊழியர் இருந்தார். நல்லவர், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பவர். ஒரு நாள் குடியிருப்பு வளாகத்துத் தென்னையில் ஏறி, மகளுக்கு அம்மை கண்டிருந்ததால், ஒரு குலை இளநீர் பறித்துவிட்டார். யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். விளக்கம் கேட்டார்கள். விளக்கம் கொடுத்தார். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போதெல்லாம் 'கோப்பு நிலுவையில்' என்று அவர் பெயர் தள்ளிப் போயிற்று. மகள் வயதுக்கு வந்து, கல்யாணமாகி, அவரும் அதே நாற்காலியில் ஓய்வு பெற்றார்.

அவருக்குப் போன முதல் குற்றக் குறிப்பாணையை வரைந்தவன் நான். 'அரசுக்குச் சொந்தமான இளநீர்' என்ற சொற்றொடர் என்னுடையது. மேலதிகாரி அதைப் பாராட்டினார்.

ஆகவே பலாக்கிளையைப் பார்க்கும்போது எனக்குக் கிளை தெரியவில்லை. என்னைப்போல இன்னொரு எழுத்தர், எங்கோ உட்கார்ந்து, பேனாவை மையில் தொட்டு 'அரசுக்குச் சொந்தமான நிழல்' என்று எழுதுவது தெரிந்தது.

'நோக்காம்'

முப்பது நாள் ஆயிற்று. நினைவூட்டுக் கடிதம் ஒன்று. பிறகு இன்னொன்று. கார்த்திகை மூன்றாம் வாரமும் ஆகிவிட்டது. இசக்கிமுத்துவைக் கட்டட அலுவலகத்துக்கு நேரிலேயே அனுப்பினேன்.

"என்ன சொன்னாங்க?"

"நோக்காம்னு சொன்னாரு சார் அந்த ஆபீசரு." மலையாளத்தில் 'பார்க்கலாம்' என்று பொருள்.

"எப்போ நோக்குவாராம்?"

"அதையும் கேட்டேன் சார். அதையும் நோக்காம்னாரு."

ஒரு மாலை நான் வீடு வந்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டி வெளியே, துடைத்து, திறந்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"பூச்சி வந்துருச்சான்னு பாத்தேனுங்க," என்றாள்.

அன்று படுத்தும் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். தூங்கினேன். ஆனால் மறுநாள் அலுவலகத்தில் விதிப் புத்தகத்தை எடுத்து, அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தேன். பதினொரு வருடமாகக் கையாண்ட புத்தகம். அதே பக்கத்தின் அடியில் ஒரு விலக்கு இருந்தது. மரமோ கிளையோ கட்டடத்தைத் தொட்டுச் சேதம் விளைவிக்கக்கூடிய நிலையில் இருந்தால், குடியிருப்பவர் அந்தப் பகுதியை உடனே அகற்றி, பிறகு அறிக்கை அனுப்பலாம்.

மத்தியானம் சாப்பிடப் போனபோது கிளையைப் பார்த்தேன். கூரை ஓட்டுக்கும் கிளை நுனிக்கும் இடையே இரண்டு முழம் இடைவெளி. விதிக்கும் எனக்கும் இடையே எப்போதுமே அந்த இரண்டு முழம் இருந்திருக்கிறது.

சாப்பிடும்போது வருத்தத்தோடு ருக்மணியிடம் சொன்னேன். "தொட்டுக்கிட்டு இருந்தா வெட்டலாமாம். தொடலை."

"தொட்டாப் போதுமுங்களா? ஏன் தொட்டுச்சுன்னு கேக்க மாட்டாங்களா?"

"அப்படி ஒண்ணும் எழுதியில்லை."

"ஓ," என்றாள். எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

எரு காய்ந்த விதம்

மாலை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தபோது பின்வாசலில் ருக்மணியும் பேச்சியம்மாளும் முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டு மிக அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் இரண்டு பேர் அவ்வளவு அமைதியாக இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். பலாக்கிளையின் நடுவில் கயிறு கட்டி இரண்டு சாக்கு மூட்டைகள் தொங்கின. நனைந்த மூட்டைகள். கிளை நன்றாகத் தாழ்ந்து, நுனி இலைகள் எங்கள் ஓட்டின்மேல் படுத்திருந்தன.

"அது என்ன?" என்றேன்.

"எருவுங்க," என்றாள் ருக்மணி. "காயட்டுமின்னு போட்டு வெச்சேன்."

வானம் தூறிக்கொண்டிருந்தது.

"மரத்து மேலயா?"

"கீழ ஈரமா இருக்குதுங்களே."

பேச்சியம்மாள் முறத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. "எஸ்டேட்டுல இப்படித்தான் சார் காயப் போடுவாவ," என்றாள் முறத்துக்குள்ளிருந்து.

அறிக்கையில் நான் என்ன எழுத வேண்டும் என்று யோசித்தேன். 'கிளை கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.' தொட்டுக்கொண்டுதான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். சாட்சிக்கு இசக்கிமுத்துவைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்தார். பிறகு மூட்டைகளைப் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பார்த்துவிட்டு, "தொட்டுக்கிட்டுதான் இருக்கு சார்," என்றார்.

வெட்டியது அவர். கிளையை எப்படி வெட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் கிளை பாரத்தில் சாய்ந்து, அடிமரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு வரும். முதலில் கீழ்ப்பக்கம் கால்வாசி அறுக்க வேண்டும், பிறகு மேலிருந்து. காயத்தில் தண்ணீர் தேங்காதபடி வெட்டு சரிவாக இருக்க வேண்டும். அன்றிரவே அறிக்கை எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய மிகச் சிறிய அறிக்கை அது. மூட்டை பற்றி அதில் ஒன்றும் இல்லை. எரு அரசாங்கத்துக்குச் சொந்தமானதல்ல.

சாம்பல்

மறுநாள் பனி விலகியதும் வெயில் பந்தல்மேல் விழுந்தது. உச்சி தாண்டி, இரண்டு மணி வரைக்கும் அங்கேயே இருந்தது. ருக்மணி அதைச் சன்னலிலிருந்து பார்க்கவில்லை. பந்தலுக்குக் கீழே போய் நின்று பார்த்தாள்.

மார்கழி இரண்டாம் வாரம் பூ வந்தது. ஊதாப்பூ, கொத்துக் கொத்தாக. மூன்றாம் நாள் அசுவினிப் பூச்சியும் வந்தது. பூங்கொத்தின் காம்பு முழுதும் கறுப்பாக, எள்ளைத் தூவினாற்போல. அவரை பூக்கிறது என்கிற செய்தி அதற்கு எந்தத் தபாலில் போகிறதோ தெரியாது. முப்பது நாள் எல்லாம் எடுத்துக்கொள்வதில்லை.

பேச்சியம்மாள் எஸ்டேட்டில் தெளிக்கிற மருந்து கொஞ்சம் கொண்டுவரட்டுமா என்றாள். ருக்மணி வேண்டாமென்றாள். "நாளைக்குப் பறிச்சுத் திங்கறதுல போயி அதையா அடிப்பாங்க?"

அவள் செய்தது: அதிகமாகப் பிடித்த நுனிகளை ஒடித்து அடுப்பில் போட்டாள். எறும்பு ஏறுகிற பந்தல்காலில் விளக்கெண்ணெய் தடவினாள். அசுவினியைத் தூக்கிக்கொண்டு வந்து குடிவைப்பதே எறும்புதான். விடிகாலையில், இலையில் பனி இருக்கும்போதே, சலித்த விறகுச் சாம்பலைத் துணியில் கட்டித் தட்டித் தட்டித் தூவினாள். பனியில் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறிய பிறகு போட்டால் காற்று கொண்டுபோய்விடும். ஒன்று விட்டு ஒரு நாள், ஆறு தடவை. பன்னிரண்டு நாளில் கொடி சுத்தமாயிற்று.

அந்தப் பன்னிரண்டு நாளும் ஐந்தரை மணிக்கு எழுந்தாள். பேச்சியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். குளிரில் இருவரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சாம்பல் மூட்டையைத் தட்டிக்கொண்டே, யாரையோ பற்றிச் சிரிப்பது கேட்கும். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான்.

பழனிச்சாமி வந்தான்

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மைத்துனன் பழனிச்சாமி வந்தான். வளைந்து வளைந்து ஏறிய பஸ்ஸில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்து வந்து சேர்ந்தான்.

"மாமா, இந்த ஊருல மனுசன் இருப்பானுங்களா?" என்றான் என்னிடம். பிறகு உள்ளே பார்த்து, "அக்கா, பொட்டி எங்க? நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்குப் போயர்லாம். அப்பாரு சொல்லி உட்டிருக்காரு."

நான் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

ருக்மணி முறத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். முறத்தில் அவரைக்காய். பட்டையான, ஊதா விளிம்பு வைத்த, நகத்தால் அழுத்தினால் நீர் விடுகிற பிஞ்சுகள். அன்றைக்குக் குழம்பும் அதுதான், பொரியலும் அதுதான். பழனிச்சாமி மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டான்.

"நம்ம தோட்டத்துக் காய விட இது பிஞ்சாத்தான் இருக்குதக்கா," என்று ஒப்புக்கொண்டான்.

"இங்க குளிரு. நாரு புடிக்காது."

மறுநாள் காலையில் அவன் கையில் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தாள். நிறைய அவரைக்காய்.

"இத அப்பாருகிட்டக் குடு. பொங்கலுக்கு நாங்க ரெண்டு பேரும் வருவோம். நோம்பி முடிஞ்சதும் ரெண்டு பேரும் திரும்பி வந்துருவோம். அடுத்த பறிப்பு இருக்குதுன்னு சொல்லு. நா இல்லீனா பேச்சி முத்த உட்டுருவா."

"நா ஏன் யக்கா முத்த விடப் போறேன்?" என்றது வேலிக்கு அந்தப் பக்கம்.

"பொட்டி?" என்றான் பழனிச்சாமி.

"பொட்டிய வெதை போட்டு வெக்க எடுத்து வெச்சிருக்கறேன். அது எங்கயும் போகாது."

நான் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்று கேள்விகள்

பொங்கலுக்குப் போனோம், திரும்பி வந்தோம். அவரை மாசி முடிய காய்த்தது. கொடியைப் பிடுங்கவில்லை, அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டாள். அவரை வேரில் மண்ணுக்குச் சத்து இருக்கிறது, அடுத்து போடுகிற செடி அதை எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் முள்ளங்கியும் கீரையும் போட்டாள். சௌசௌக் கொடி ஒன்று வேலி தாண்டிப் பேச்சியம்மாள் வீட்டுக் கூரையில் ஏறியது. யாருடைய காய் என்று இருவரும் நாள்தோறும் சண்டை போட்டார்கள்; பறித்ததைப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள்.

மறுபடி மழைக்காலம் வந்தது. அந்த வருடம் யாரும் எதையும் விதைக்கவில்லை. மழைக்கு முன்பே பாத்திமேல் காய்ந்த இலையைத் தடிமனாகப் பரப்பி மூடியிருந்தாள். மழைத்துளி நேராக மண்ணை அடித்தால் மேல்மண் கரைந்து போகும். இலைமேல் விழுந்தால் மெதுவாக இறங்கும். செடி இருக்கும் பாத்தியில் இப்படி மூடும்போது தண்டை ஒட்டிப் போடக்கூடாது, நாலு விரல் தள்ளிப் போட வேண்டும்.

அப்படி ஒரு மழை நாளில் கட்டட அலுவலகத்திலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. என் மனுவுக்குப் பதில். கிளை வெட்டியதற்கு நான் அனுப்பிய அறிக்கை வேறு ஏதோ கோப்பில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்; அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அனுமதி தருவதைப் பரிசீலிக்கும் முன், கீழ்க்கண்ட விவரங்கள் தேவை என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தார்கள்.

ஒன்று, மரத்தின் எண் மற்றும் அடிமரச் சுற்றளவு. இரண்டு, கிளையின் நீளம். மூன்று, மனுதாரர் குடும்பத்துடன் இக்குடியிருப்பில் தொடர்ந்து வசிக்கிறாரா. இல்லையெனில் காய்கறித் தோட்டத்தின் அவசியம் யாது?

உறையை எடுத்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்குப் போனேன். ருக்மணி மழைக்குத் தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு, பாத்திகளுக்கு நடுவே அடைத்துக்கொண்ட வாய்க்காலை மண்வெட்டியால் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க காயிதம்?"

"மரத்து சமாச்சாரம். பதில் வந்திருக்கு."

"வெட்டலாமாமா?"

"அது இன்னும் முடிவாகலை. நீ இங்கதான் இருக்கறயான்னு கேட்டிருக்காங்க."

அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். வாய்க்காலில் தண்ணீர் வழி கண்டுபிடித்து, பாத்தியை விட்டு விலகி, சரிவில் இறங்கி ஓடியது. அது ஒழுங்காகப் போகிறதா என்று கடைசிவரை பார்த்தாள்.

"இருக்கறாங்கன்னு எழுதுங்க," என்றாள். "மூணு காப்பி எழுதுங்க."

எழுதினேன். முதல் கேள்விக்கு மரத்தையும், இரண்டாவதற்கு வேலியோரம் கிடந்த வெட்டிய கிளையையும் அளந்து பார்த்துத்தான் பதில் எழுத வேண்டியிருந்தது. மூன்றாவதற்கு அளக்கத் தேவையிருக்கவில்லை.

அந்தப் பதில் எங்கள் தபால் பதிவேட்டில் ஏறிய நாள், நான் எட்டுக் குழி வெட்டி ஒரு வருடம் ஆன ஆடி மாதம் மூன்றாவது வாரம், புதன்கிழமை.